நடுவில் இருந்த முள்

விருதுநகரில் என் அப்பா மீட்டர் கடை வைத்திருந்தார். காரோ லாரியோ, ஸ்பீடாமீட்டர் முள் ஆடினாலும் நின்றாலும் எங்கள் பெஞ்சுக்குத்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கே உட்கார்ந்துவிடுவேன். குடும்பத்துக்கு ஒரு கார் என்ன சொல்ல வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அந்த பெஞ்சில்தான்.

எண்ணெய் வியாபாரி ஒருவருடைய மாரிஸ் மைனர் அடிக்கடி கடைக்கு வரும். 1954-க்குப் பிறகு வந்த மாடல் அது. மீட்டர் ஸ்டீயரிங்குக்கு நேரே இருக்காது, டாஷ்போர்டின் நட்டநடுவில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். பெட்ரோல் அளவும் அதற்குள்ளேயே. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினால், பின்சீட்டில் இருந்த பாட்டிதான் அதைப் பார்த்துக்கொண்டே வருவாராம். எழுதப் படிக்கத் தெரியாதவர். முள் ஏறினால் வேகம் என்பது மட்டும் தெரியும். "முள்ளு மேல போகுது தம்பி, மெதுவாப் போ" என்பார். டிரைவரும் காலைத் தளர்த்துவார்.

மீட்டரைத் திறந்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதன் மேல் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். தலைமுடி போன்ற ஒரு சுருள்வில் பிடித்து இழுக்கும். அந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். பெர்லினில் ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல் காப்புரிமை வாங்கிய வேலைப்பாடு இது. அப்பாவுக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் கிண்ணத்தில் ஒரு துளி கிரீஸ் பட்டாலும் முள் பொய் சொல்லும் என்று தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் துடைப்பார்.

மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல் வந்தது. ரோட்டோரக் கல் கிலோமீட்டருக்கு மாறியது, பழைய கார்களோ மைலிலேயே ஓடின. மைல் டயலை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் டயல் போடச் சொல்லிக் கேட்பார்கள். சிவகாசியில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் டயல் அடித்து வாங்கினோம். தீப்பெட்டி லேபிள் அச்சடித்துத் தேர்ந்த ஊர், எழுத்து நறுக்கென்று விழும். வேகத்துக்கு அது போதும். ஓடிய தூரத்தைக் காட்டும் உருளைகளுக்குப் பல்சக்கரத்தையே மாற்ற வேண்டும். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர் ஆயிற்றே! அப்பா அதைக் கையால் அராவி உட்கார வைத்த நாட்கள் உண்டு. 1975-ல் கோயம்புத்தூரில் பிரிக்கால் நிறுவனம் மீட்டர் செய்ய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அந்தப் பாடு குறைந்தது.

ஃபியட்டிலும், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் மீட்டர் டிரைவருக்கு நேரே. பின்சீட்டுக்காரர்களுக்கு அதில் பங்கில்லை. பிறகு கேபிளே போய், சென்சார் வந்தது. கடையையும் மூடினோம்.

இப்போது என் மகன் காரில் மறுபடியும் நட்டநடுவில் பெரிய திரை. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, ஆனால் எல்லாம் ஆங்கிலம். 2019 ஜூலை முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமான வேக எச்சரிக்கை, 80-ஐத் தாண்டினால் ஒலிக்கிறது. மதுரை ரோட்டில் என் மனைவி கேட்கிறாள், "அது ஏங்க கத்துது?"

எச்சரிக்கை என்றால் எல்லோருக்கும் புரிய வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் ஒவ்வொரு அறைச் சுவரிலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம் என்று தமிழில் பெரிதாக எழுதியிருக்கும். வாசலில் நின்றே படிக்கலாம். அதை மீறி ஆள் ஏற்றிய இடங்களில் எத்தனை உயிர் போனது என்று இந்த வட்டாரத்துக்குத் தெரியும்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் நாளைய கார்களுக்குத் திரை வடிவமைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். முடிவு செய்வதற்கு முன் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றை ஏற்றி, இருக்கன்குடி வரை போய் வாருங்கள். பின்சீட்டில் இருக்கும் பாட்டிக்கு அந்தத் திரை புரிகிறதா என்று கேளுங்கள். புரியவில்லை என்றால், தயவுசெய்து மாற்றுங்கள்.