நாவுக்கரசர் யாத்திரையும் வழிச்சுமையும்

சிவாலயங்களில் எழுந்தருளியிருக்கும் நால்வர் திருவுருவங்களுள் அப்பமூர்த்திகளை அடையாளங் காணுதல் எவர்க்கும் எளிது. கூப்பிய கைகள், தோளிற் சார்த்திய உழவாரம், அவ்வளவே. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்த சிற்பியரும் அவர்பால் வேறொரு பொருளைக் காட்டினாரல்லர். 7-ஆம் நூற்றாண்டிலே, முதலாம் மகேந்திரவர்மன் காலத்தை ஒட்டி, தமிழகத்தின் பெரும்பகுதியைக் காலால் நடந்து கண்ட ஒரு பெரியாரது வழிப்பொருள் அந்த ஒரு கருவிதான். அதுவும் தம் பொருட்டுக் கொண்டதன்று. திருக்கோயில் முன்றிலிற் புல் செதுக்குதற்குக் கொண்டது. இச்செய்தியை நாம் வியந்து வணங்குகின்றோம். அவர் அவ்வாறு நடத்தல் எங்ஙனம் கூடிற்று என்பதனை ஆராய்வார் சிலரே.

அந்நாளைய பெருவழிகள் அச்சமற்றனவல்ல. கொங்கு நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த வழியொன்றிற்கு இராசகேசரிப் பெருவழி என்று பெயர் பொறித்த கல்வெட்டு, கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்திற் காணப்படுகின்றது. கொங்கு வழிகளில் ஆறலைப்போர் தொல்லை எத்தகையது என்பதற்குச் சுந்தரமூர்த்திகளின் திருமுருகன்பூண்டிப் பதிகமே அகச்சான்றாம். சேரமான் பெருமாள் அளித்த பெருநிதியை ஆட்கள் சுமந்துவரத் திருவாரூர்க்கு மீண்ட நம்பிகள், அவ்வூர் அருகே அதனைப் பறிகொடுத்தார். பறித்தவர் வேடுவர் வடிவங்கொண்ட சிவபூதங்களே என்றும், தம்பொருளைத் தாமே தம்பிரான் தோழர்க்கு மீளக் கொடுத்தற்கு இறைவன் ஆடிய ஆடல் அது என்றும் சேக்கிழார் பெருமான் உரைப்பர். அது நிற்க. திருமுதுகுன்றிற் பெற்ற பன்னீராயிரம் பொன்னை நம்பிகள் கொண்டுசென்ற விதம் இதனினும் நோக்கற்பாலது. அவர் அதனை மணிமுத்தாற்றில் இட்டு, மாற்றறிதற்கு வெட்டிய மச்சம் ஒன்றை மாத்திரம் கைக்கொண்டு, இடையே தில்லையையும் வழிபட்டு, பின்னர்த் திருவாரூர்க் குளத்திலே பொன்னனைத்தையும் எடுத்தார். பொன் ஒரு வழியாகவும் அன்பர் ஒரு வழியாகவும் சென்றமையால், தில்லையிற் கூப்பிய கைகள் காவற்றொழிலிற் புகவில்லை.

நாவரசர் செயலோ வேறு. திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி செய்த இடமெல்லாம் பொன்னும் மணியும் விளங்கும்படி இறைவன் செய்தருளினான். அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப மதித்து, உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். வெறுத்து எறிந்தார் என்று சிலர் பிரசங்கிக்கக் கேட்டிருக்கின்றோம். அஃது அத்துணைப் பொருத்தமாகத் தோன்றவில்லை. வெறுப்பும் ஒரு சுமையே. முன்றிலிற் கிடந்தது குப்பை, அதனை அகற்றுதல் தம் தொழில் என்ற அளவே அவர் கருதினார்போலும்.

அங்ஙனமாயின், முத்துச் சிவிகையும் சின்னமும் திரளான அடியார் கூட்டமும் சூழச் சென்ற ஆளுடைய பிள்ளையார் யாத்திரை குறையுடைத்தோ எனின், அன்று. பொருளின் அளவு கொண்டு யாத்திரையை அளப்பது புறநோக்கு. திருப்பூந்துருத்தியில் அச்சிவிகையை ஒருவரும் அறியாது தாங்கியவர் நாவரசரே. அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினவ, சிவிகையின் கீழிருந்தே விடை வந்தது. தமக்கென ஒன்றும் சுமவாத தோள் பிறரைச் சுமத்தற்கு ஒழிந்திருந்தது.

இனி, கையில் ஒன்றுமில்லாதவர் எதனை உண்டார், எங்குத் தங்கினார்? திங்களூர் இதற்கு விடை கூறும். வெயிலிலே அவ்வழி வந்த நாவரசர் குளிர்ந்த தண்ணீர்ப்பந்தர் ஒன்றைக் கண்டார். அதற்குத் தம் பெயரே இடப்பட்டிருக்கவும் கண்டார். அமைத்தவர் அப்பூதியடிகள், நாவரசரை ஒருபோதும் கண்ணாற் காணாதவர், மக்களுக்கும் மனையிலுள்ள பொருள்களுக்கும் அப்பெயரையே வைத்தவர். உம் பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதியது ஏன் என்று வந்தவர் வினவ, அடிகள் வெகுண்டதும், பின் உண்மை உணர்ந்து தாளில் வீழ்ந்ததும் அன்பர் அறிந்தனவே. நாவரசர் தம் திருப்பழனப் பதிகத்தில் அப்பூதியாரைக் குறித்துப் பாடியிருத்தலின், இது புராண வழக்கு மாத்திரம் அன்று.

ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. நாவரசர் தோளில் ஒரு நீர்க்குடமும் கட்டுச்சோறும் இருந்திருந்தால், அப்பந்தரிடத்தே நின்றிரார், பெயரை வினவியிரார், அப்பூதியாரும் காண நினைந்தவரைக் காணாதே இருந்திருப்பர். வேண்டுவனவெல்லாம் உடன்கொண்டு செல்வோன் வழியில் ஒருவரையும் வேண்டான். வேண்டாமையால் ஒருவரையும் அறியான். திருப்பைஞ்ஞீலி வழியிலே பசியும் நீர்வேட்கையும் வருத்தியபோது, இறைவன் சோலையும் குளமும் ஆக்கி, பொதிசோற்றுடன் அந்தணனாய்க் காத்திருந்ததும் வெறுங்கையோடு வந்தவர்பொருட்டே.

இவ்வுறவைத் தமிழ்நாடு தனிமனிதர் அன்பளவில் விட்டுவிடவில்லை. திருநாவுக்கரசர் பெயரால் அமைந்த மடங்களும், அங்கே அடியார்க்கு அமுதளித்தற்கு விடப்பட்ட நிலங்களும் சோழர் கல்வெட்டுக்களிற் பேசப்படுகின்றன. தஞ்சை மராட்டிய மன்னர் இராமேசுவர யாத்திரிகர் பொருட்டு வழிநெடுகச் சத்திரங்கள் எடுப்பித்தனர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. இரண்டாம் சரபோசி மன்னர் 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், அச்சத்திரங்களில் எவ்வகுப்பினர்க்கும் சோறிடப்படுதலையும், நோயுற்றார்க்கு மருந்து தரப்படுதலையும் விரித்துரைத்து, அவை தம் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும் என்று வாதித்தார். ஆட்சியை இழந்துகொண்டிருந்த ஓர் அரசர் சத்திரங்களை விடமாட்டேன் என்றது சிறிய செய்தியன்று.

1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. சுமை தோளினின்று சக்கரத்திற்கு மாறவே, அதற்கு எல்லையும் இல்லாதாயிற்று. பெருவழி வெறிச்சிட்டது. புகைவண்டியைப் பழித்தல் நம் கருத்தன்று. அஃதின்றேல் ஏழைகள் பலர் காசியைக் கண்டிரார். ஆயினும் இதனை எழுதும் எளியேனது காசி யாத்திரையை நினைந்தால் நாணம் உண்டாகின்றது. எம் குழுவினர் ஐவர்க்குப் பெட்டிகள் பதினொன்று. ஒருவர் மாற்றி ஒருவர் காவலிருந்தோம். விசுவநாதர் சந்நிதியில் மாலைப் பூசைக்கு நின்றபோதும், நா மந்திரத்தைச் சொல்ல, கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தது. திரும்பிவந்தபின் பெட்டிகளின் எண்ணிக்கை நினைவிலிருந்தது; அன்று சாத்தியிருந்த மலர் இன்னதென்று நினைவில்லை.

நாவரசரும் காசி கண்டவர்தாம். கயிலைக்கோலம் காணும் வேட்கையால் திருக்காளத்தியினின்று புறப்பட்டு, திருப்பருப்பதம் வணங்கி, தெலுங்கு, கன்னடம், மாளவம் முதலிய நாடுகளைக் கடந்து வாரணாசியை அடைந்தார். அங்கே உடன்வந்த அடியார்களையும் நிறுத்திவிட்டுத் தமியராய் வடக்கு நோக்கிச் சென்றார். கானிடையே இலையும் கிழங்கும் கனியும் உண்பதனையும் பின்னர் ஒழித்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், கையும் தேய, மார்பால் ஊர்ந்தார், அதுவும் மாட்டாதாகப் புரண்டார். சுமை ஒவ்வொன்றாய்க் கழிந்து, இறுதியில் உடம்பொன்றே எஞ்சிநின்ற நிலை அது. கயிலையை அவர் அடைந்தாரில்லை. முனிவர் வடிவில் வந்தோன் காட்டிய தடத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார்.

எழுந்தவர் கண்டது யாது? பலமுறை நடந்து பழகிய காவிரிக்கரைதான். பிடியொடு களிறு வந்தது. பேடையொடு சேவல் வந்தது. குயிலும் அன்னமும் மயிலும் இணையிணையாய் வந்தன. அவை அனைத்தையும் சத்தியும் சிவமுமாகவே அவர் கண்டு நின்றார்.