கூழ்ப்பானையின் வரலாறு

வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனை வாயிலாற் புகுவர். அல்லது பாசறை வழியாகப் புகுவர். அடுப்படியை எட்டிப் பார்ப்போர் அரியர். அங்கே கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை. பானையின் புறத்தே படிந்த கரி ஒன்றே உண்டு. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் எதனை உண்டு பசி ஆறினர், எதனை உண்டு மனமும் ஆறினர் என்னும் வினாவுக்கு விடை அந்தக் கரி படிந்த பானையிலேதான் கிடக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கூழ்ப்பானை அத்தகைய ஒன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்க ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லிதாய்ப் படிந்த மண். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை. மற்றைய மாதங்களிற் கிணற்று நீர். மழையை நம்பி ஒரு போகம் நெல் விளையும். அந்நெல் ஆண்டு முழுவதற்கும் போதியதாய் இருந்த காலம் அரிது. குறைந்த நெல் வன்னியிலிருந்து வந்தது. கடல் கடந்தும் வந்தது. மழை பிழைத்த ஆண்டிலும், தோணி வாராத மாதத்திலும், இம்மக்களைத் தாங்கியது பனை. அதற்கு நீர் இறைப்பார் இல்லை. எரு இடுவாரும் இல்லை. தால விலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் பனையின் பயன்களை 801 என எண்ணியதை, 19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் வியந்து குறித்துள்ளனர். 801 பயன்களையும் எண்ணிப் பார்த்தவர் யாரோ! ஆனால் அவற்றுள் முதன்மையானது எது என்று யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருத்தியைக் கேட்டால், ஒடியல் என்றே சொல்லியிருப்பாள்.

ஒடியல் எளிய உணவு என்பர். உண்பதற்கு எளிது, உண்டாக்குவதற்கு எளிதன்று. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தைப் பொறுக்கிக் களியைப் பிசைந்தெடுத்துப் பாயிலே படை படையாக ஊற்றிக் காயவிட்டால் அது பனாட்டு. எஞ்சிய விதைகளை மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி அடுக்கி வைப்பர். மாரி மழை அவற்றை முளைக்கச் செய்யும். தையிலும் மாசியிலும் பாத்தி கிண்டினால் விரல்போலத் திரண்ட கிழங்குகள் வெளிப்படும். அன்றைக்கு வீட்டில் விழாக் கோலம். சிறுவர் பிளந்த விதையினுள் இருக்கும் பூரானுக்குச் சண்டையிடுவர். கிழங்கை அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். பச்சையாகவே கிழித்து வெயிலிற் காயவிட்டால் ஒடியல். காய்ந்த ஒடியலை உரலில் இட்டு இடித்து, அரித்து, மாவாக்கிப் பானையில் அடைத்து வைத்துவிட்டால், வருகின்ற மழைக்காலத்தைப் பற்றிய அச்சம் அவ்வீட்டில் ஒருபடி குறையும். உலக்கை பிடித்த கைகள் பெண்களின் கைகள். இந்த வரலாற்றில் அவர்களுடைய பெயர் ஒன்றேனும் எழுதப்படவில்லை.

ஒடியல் மா கைக்கும். அக்கைப்புப் போக நீரில் ஊறவிட்டுத் தெளிந்த நீரை வடித்துவிடுவர். கூழ் காய்ச்சும் நாளில் பெரிய பானை அடுப்பேறும். ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு ஆகியன முதலில் வேகும். பின்னர் மீன்தலை, நண்டு, இறால், கையில் அகப்பட்ட சிறுமீன். இறுதியில் முருங்கையிலையும், அரைத்த செத்தல் மிளகாயும், மஞ்சளும், பழப்புளியிற் கரைத்த ஒடியல் மாவும். பானை கொதித்துத் தடிக்கும்போது எழுகின்ற மணம் படலை தாண்டி ஒழுங்கைக்குப் போய்விடும். ஆதலால் கூழைத் தனித்துக் குடித்தவர் எவருமிலர். மாலை வேளையில் முற்றத்தில் எல்லோரும் சுற்றி இருப்பர். பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்தினால் அதுவே கரண்டி, அதுவே கிண்ணம். பனையோலையில் மடித்த பிளாவிற் குடிப்போரும் உண்டு. உறைப்பினால் மூக்கும் கண்ணும் நீர் சொரிய, இன்னும் கொஞ்சம் என்று பிளாவை நீட்டுவதுதான் அவ்விருந்தின் மரியாதை.

இப்பானையைச் சற்று உற்று நோக்கினால் நாட்டின் அரசியல் வரலாறும் அதனுள்ளே கொதித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். மிளகாய் இந்நாட்டுக்கு உரியதன்று. அது அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து போர்த்துக்கேயரின் கப்பலேறிக் கீழ்த்திசை வந்தது. அதற்கு முன்னே தமிழரின் உறைப்பு மிளகே. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது; 1658இல் அவர்கள் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போயினர். கோட்டையை விட்டுப் போனார்களேயன்றி அடுக்களையை விட்டு அவர்கள் போகவில்லை. யாழ்ப்பாணத்தார் சமையலறையைக் குசினி என்பது போர்த்துக்கேய மொழி; பாண் என்பதும் அவர்கள் மொழியே. மரவள்ளியோ ஒல்லாந்தர் தந்தது. தேசாதிபதி வன் டர் கிராப் 1786இல் மொரீசியசுத் தீவிலிருந்து அதனைக் கொணர்வித்தார் என்பர். அரசுரிமை பறித்தவர் கொணர்ந்த காயும் கிழங்கும் நூறு ஆண்டுகளுக்குள் பாட்டியின் கைம்மணம் ஆகிவிட்டன. பழமை என்று போற்றப்படுவனவற்றுட் பல, ஒருகாலத்தில் அந்நியமாய் வந்திறங்கிய புதுமைகளே.

இனிச் சொல்ல வேண்டியது சற்று வருத்தமானது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்று விலைப்பட்டது. கையிற் காசு புழங்கிற்று. பின்னர் ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் வந்தன. காசு வந்த வீட்டில் சோறு மூன்று வேளையும் வெந்தது. ஒடியற் பிட்டும் கூழும் பின்கட்டுக்குத் தள்ளப்பட்டன. விருந்தாளி வரும்போது கூழ்ப்பானையை மறைத்து வைத்த வீடுகள் உண்டு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்னும் பழமொழியில் உள்ள நகைப்பு அந்த வெட்கத்தின் நகைப்பே. மறுபுறத்தில், மறைப்பதற்கும் வேறு உணவில்லாத வீடுகள் இருந்தன. உயரப் பனையிலே உயிரைப் பணயம் வைத்து ஏறியவரும், பிறர் தோட்டத்திற் கூலிக்கு நீர் இறைத்தவரும் கூழைச் சுவைக்காகக் குடிக்கவில்லை. இன்று கூழின் பெருமை பேசுவோர் இதனை மறந்து பேசுவதுண்டு. ஒருவருக்கு ஆசையாய் இருந்தது இன்னொருவருக்கு வேறு கதியின்மையாய் இருந்தது.

வெட்கப்பட்டவர்களையும் கூழ் விட்டுவிடவில்லை. மலாயாவுக்கு இலிகிதராய்ப் போனவர்களும், கொழும்புக் கந்தோர்களில் உத்தியோகம் ஏற்றவர்களும் முதலில் இழந்தது இந்த எளிய சுவைகளையே. 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை எட்டியது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. அவ்வண்டி உத்தியோகத்தரை மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. ஓலைப் பெட்டிகளையும் கடகங்களையும் ஏற்றிச் சென்றது. அவற்றினுள்ளே வறுத்து இடித்த கறித்தூள், மோர்மிளகாய், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டிக் குட்டான். மாதம் முழுவதும் கொழும்பில் விடுதிச் சோறு உண்டவன் இரவிலே ஒரு துண்டுப் புழுக்கொடியலைக் கடித்துத் தேங்காய்ச் சொட்டோடு மெல்லும்போது அவனுக்கு ஊர் வந்துவிடும். ஊருக்குச் சென்றாலோ, மதியம் எஞ்சிய சோற்றையும் கறிகளையும் ஒரே சட்டியிற் குழைத்துத் தாயார் உருட்டிக் கையிலே வைக்கும் கவளம். அலுவலகத்தில் எத்தனை பேர் அவன் முன் எழுந்து நின்றாலும் அந்தக் கவளத்துக்கு அவன் சிறுபிள்ளையாகவே கை நீட்டினான்.

சோற்றுப் பெருமைக்கு முதல் அடி 1942இல் விழுந்தது. யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும் 9ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அரிசிக்குப் பங்கீடு வந்தது. கூப்பன் என்னும் புதுச்சொல்லும் வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்ப முற்பட்டபோது, யாழ்ப்பாணத்துப் பெண்கள் அதனை அவித்து அரித்து நீற்றுப்பெட்டியில் இட்டுப் பிட்டாக்கிவிட்டனர். கோதுமை மாவை அமெரிக்கன் மா என்று இன்றும் முதியோர் சொல்வர். எந்த மா வந்தாலும் அது பிட்டாகாமல் அவ்வடுப்படியைக் கடந்து போவதில்லை. பின்வீட்டு ஒடியற் பானையும் அக்காலத்தில் முன்வீட்டுக்கு வந்தது. பங்கீட்டரிசி அதன் பின்னும் நெடுங்காலம் அரசியலின் நடுவே இருந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததனால் ஆகஸ்ட் 12இல் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஆட்சியை அசைக்கும் வலிமை உண்டென்பதை அவ்வாண்டு காட்டிற்று.

அந்த 1953ஆம் ஆண்டிலேதான் நவாலியூர் சோமசுந்தரப் புலவரும் மறைந்தார். 1878இற் பிறந்த அவர் தங்கத் தாத்தா என்று சிறுவரால் அழைக்கப்பட்டவர். ஆடிப்பிறப்பைப் பற்றி அவர் பாடிய பாட்டை அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. ஆடி முதல் நாளிற் காய்ச்சும் கூழ் ஒடியற் கூழ் அன்று. அது இனிப்புக் கூழ். அரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, பல்லுப் பல்லாகச் சீவிய தேங்காய். உடன் பயறு வைத்த கொழுக்கட்டை. பெரும் புலவர்கள் மன்னரையும் தெய்வத்தையும் பாடிய மொழியில், ஒரு நாள் விடுமுறையையும் ஒரு பானைக் கூழையும் பாடுவதற்குத் தயங்காத மனம் அவருடையது. பின்கட்டில் ஒதுங்கிய கூழுக்கு முன்வாயிலிற் பீடம் இட்டவர் அவரே என்றால் மிகையாகாது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது வடக்குக்குப் புகையிரதம் நின்றது; மின்சாரம் நின்றது; பல பொருள்கள் வருவது தடைப்பட்டது. போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தனர். சீனி அரிதானமையால் உள்ளங்கையிற் பனங்கட்டித் துண்டை வைத்து நக்கியபடி வெறுந்தேநீர் குடித்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய மூதாட்டியரின் கைப்பக்குவம் மறுபடியும் தேவைப்பட்டது. மரவள்ளி, முருங்கையிலை, ஒடியல் ஆகியவற்றை வைத்து ஒரு குடும்பத்தை உறங்க வைப்பது எப்படி என்பதை அறிந்திருந்தவர்கள் அவர்களே. ஆனால் பனைகளும் அப்போரிற் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டுக் காப்பரண்களுக்குப் போயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக வெளியேறியபோது தலையிற் சுமந்தவற்றுள் சமையற் பானையும் இருந்தது. 2009இல் போரின் இறுதி மாதங்களிற் பலருக்குக் கிடைத்தது அரிசியும் நீரும் உப்பும் மட்டுமான கஞ்சி. சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கஞ்சி மே மாதந்தோறும் காய்ச்சி வழங்கப்படுகின்றது. அதில் தேங்காய்ப்பால் சேர்ப்பதில்லை. குடிப்பவரும் சுவை தேடுவதில்லை.

யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஓலைப் பெட்டிகள் குறைந்து, பொலித்தீன் பைகள் மிகுந்தன. 1983க்குப் பின் கடல் கடந்து போனவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒடியல் மாவைப் பொதியாக வாங்குகின்றனர். உறைபனிக் காலத்தில் நண்டுக் கூழ் காய்ச்சி அயலாரை அழைக்கின்றனர். பலாவிலை கிடைக்காததால் கிண்ணத்திற் குடிக்கின்றனர். உணவகங்களிலும் கூழ் இன்று விலைக்கு விற்கின்றது; முன்னாளில் மறைத்து வைக்கப்பட்டது இந்நாளில் விலைப்பட்டியலில் முதலிடத்தில் இருக்கின்றது. மூதாட்டியர் கண்டால் வாய்விட்டுச் சிரித்திருப்பர்.

2022இல் எரிவாயு இன்றி நாடு தவித்தபோது கொழும்பு மாடிவீட்டார் பலர் சமைக்கும் வழி அறியாது கலங்கினர். ஊர்ப்புறத்தில் மூன்று கல் வைத்த அடுப்புகள் மறுபடியும் புகைந்தன. காவோலையும் பனைமட்டையும் விறகாயின. அடுப்பூத மறந்த இளையவர்களுக்கு ஊதுகுழல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், 1990இல் தாமே இளையவர்களாய் இருந்தவர்கள். புகையினாற் கண் சிவக்க அவர்கள் அரைத்த மிளகாயைக் கரைத்துவிட்டு, உப்புப் பார்க்கச் சொல்லி அகப்பையைப் பிள்ளைகளின் பக்கம் நீட்டினர்.