வர இயலாதோரைத் தேடிச் சென்ற நிவாரணம்

இன்று அலங்காநல்லூர் வயல்களில் பெரியாற்றுக் கால்வாயின் நீர் பாய்வதைக் காண்கிறோம். 1895இல் பெரியாறு அணை திறக்கப்படும் முன்னர், மதுரைச் சமவெளியின் பெரும்பகுதி வானத்தையே நம்பியிருந்தது. 1876இல் வானம் பொய்த்தது. அதுவே நம் முன்னோர் நடுங்கிப் பேசிய தாது வருடப் பஞ்சம்.

அரசிடம் அப்போது பணம் இல்லாமலில்லை. ஆயினும், தகுதியற்றவர் பெற்றுவிடுவரோ என்னும் அச்சமே அதை ஆண்டது. 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு 1 ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என வகுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இவ்வளவில் உழைப்பவன் உயிர் தாங்கான் என வாதிட்டார். பின்னரே கூலி உயர்ந்தது. வேலையும் வீட்டருகே கிடைத்துவிடவில்லை. தொலைவிலுள்ள முகாமுக்கு நடந்து வருபவனே உண்மையான ஏழை என்று கருதி, 'தூரச் சோதனை' வைத்தனர். நடக்க வலுவற்றவனே மிகவும் தேவையுடையவன் என்பதை அச்சோதனை மறந்தது. மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டனர்.

இதனோடு ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை ஒப்பிடுவோம். அரபு நாட்டைப் பஞ்சம் வாட்டிய அவ்வாண்டு 'சாம்பல் ஆண்டு' எனப் பெயர்பெற்றது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் வாயிலாக உணவு வருவித்தார்கள். மதீனாவில் உண்ண வந்தோரை மட்டுமன்றி, வர இயலாத நோயாளிகளையும் சிறாரையும் எண்ணச் செய்தார்கள் என்று இப்னு ஸஅத் தம் 'தபகாத்' நூலில் பதிவு செய்துள்ளார். ஓர் அரசு ஏழையை நடக்கவைத்துச் சோதித்தது. மற்றோர் அரசு நடக்க இயலாதவரைத் தேடிச் சென்றது.

இன்று தூரத்தின் இடத்தில் ஆவணம் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கப்பட்டது. குடும்ப அட்டையைச் சொந்த ஊரில் வைத்துவிட்டுச் சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களோ தனியே விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. எழுத்தறியாதவருக்கு ஒரு படிவமும் நெடுந்தூரமே.

தன்மானத்தால் கேளாதிருப்போரை அறியாதவர் செல்வந்தர் என எண்ணுவர் என்று அல்பகரா அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. ஆகவே பேரிடர் வரும்வரை காத்திராமல், நம் மஹல்லாவில் அட்டையோ வங்கிக் கணக்கோ இல்லாத விதவையரையும் முதியோரையும் இப்போதே அறிந்து, அவர்களுடன் அலுவலகம் வரை நடப்போம். அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் இக்கடமை நமக்குண்டு. அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக.