மசோதாவும் மணல் எழுத்தும்

‘சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது’ என்னும் செய்தியை நாளேட்டில் படிக்காத தமிழர் இலர். ஆயின், அச்சொல் அரபியிலிருந்து உருதுவின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ‘அஸ்வத்’ என்றால் கறுப்பு. வெள்ளைத் தாளை எழுதிக் கறுப்பாக்குவது ‘தஸ்வீத்’. அடித்தும், திருத்தியும், ஓரங்களில் செருகியும் மை படிந்து கறுத்துப்போன முதற்படி ‘முஸவ்வதா’. அதனைப் பார்த்துப் பிழை நீக்கித் தூயதாகப் பெயர்த்தெழுதுவது ‘தப்யீழ்’, அதாவது வெண்மையாக்குதல். அப்படி எழுதி முடித்த படி ‘முபய்யழா’. முஸவ்வதாவே நம் நாவில் மசோதாவாயிற்று.

பேரறிஞர்களும் இவ்விரு படிகளைக் கடந்தே நூல் செய்தனர். ஏறத்தாழ 14,500 நூல்களைப் பற்றிய குறிப்புகளை அகர வரிசையில் தொகுத்த துருக்கி அறிஞர் ஹாஜி கலீஃபா, தம் ‘கஷ்ஃபுள் ளுனூன்’ என்னும் நூலை ‘தால்’ எழுத்து வரையில்தான் வெண்படியாக்கினார். 1657-இல் அவர் மறைந்தபோது எஞ்சிய பகுதி கறுப்புப் படியாகவே கிடந்தது. பின்வந்தோரே அதனைச் சீர்செய்தனர். இத்தகைய மேதைக்கே முதற்படி தேவைப்பட்டதென்றால், தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் எழுதப் பழகும் நம் பிள்ளைக்கு அது எவ்வளவு தேவை! அப்பிள்ளையிடமிருந்து முதற்படி பறிபோன வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

இவ்வரலாறு நம் சென்னையிலேயே தொடங்குகிறது. 1787-இல் இங்கு வந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-இல் எழும்பூரில் ஐரோப்பியப் போர்வீரர்களின் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் அவர் குதிரையில் செல்லுகையில், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அவ்வாறே ஆங்கில எழுத்தைக் கற்பிக்குமாறு துணையாசிரியரைப் பணித்தார். அவரோ இணங்கவில்லை. ஆகவே ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். அவன் வென்றான். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையும் அங்கே நிலைபெற்றது. 1797-இல் பெல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே பெயர்.

மணல் செலவில்லாதது என்று பலரும் புகழ்ந்தனர். நாமோ அதன் வேறொரு சிறப்பைக் காண்கிறோம். மணலில் எழுதிய பிழை கை பட்டதும் மறைகிறது. நம் மக்தபுகளில் மரப்பலகையில் மை கொண்டு எழுதி, பாடம் ஆனதும் கழுவி மீண்டும் எழுதிய முறையும் இத்தகையதே. பிழை செய்தவனுக்கு அங்கே நிலையான சாட்சி இல்லை.

பின்னர்க் காலம் மாறிற்று. ஆங்கிலக் கல்வி வேண்டி 1839-இல் சென்னை மக்கள் எழுபதினாயிரம் பேர் கையொப்பமிட்டு ஆளுநரிடம் மனு அளித்தனர். 1841-இல் உயர்நிலைப் பள்ளியும், 1857-இல் பல்கலைக்கழகமும் தோன்றின. தேர்வும் தாளும் வந்தன. நம் சமுதாயம் இக்கல்வியை நாடுவதில் பின்தங்கி நின்றதும், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1902-இல் தோன்றியதும் வாசகர் அறிந்தவையே. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இரயில் ஓடிற்று. 1875-இல் செயற்கைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கிற்று. கப்பற் சரக்குக்கும் இரயில் சரக்குக்கும் எழுத்தர் பலர் தேவைப்பட்டனர். அவர் வேலை யாது? துரை சொன்ன வாசகத்தை அழகிய கையெழுத்தில் பிழையறப் பெயர்த்தெழுதுவதே பெரும்பகுதி. முஸவ்வதா துரைக்கு, முபய்யழா நம்மவருக்கு! எழுதுதல் என்றால் பெயர்த்தெழுதுதல் என்னும் எண்ணம் அலுவலகத்திலிருந்து பள்ளிக்கும் வந்து, அங்கேயே தங்கிவிட்டது என்பது நம் துணிபு.

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸும், திருவொற்றியூரில் 1955-ஐ ஒட்டி என்ஃபீல்டு இந்தியாவும் வந்தபின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டியவராயினர். அவர்தம் பள்ளியில் நடந்தது என்ன? கட்டுரையை மனனம் செய், தேர்வில் கொட்டு. விடுப்புக் கடிதத்தையே பாருங்கள். ராத்தாவின் நிக்காஹுக்காக விடுப்புக் கேட்கும் பிள்ளையும், ‘காய்ச்சலால் வருந்துகிறேன்’ என்றே ஆங்கிலத்தில் எழுதும். வீட்டில் பிரியாணி மணக்கிறது. கடிதத்திலோ காய்ச்சல் அடிக்கிறது! அது பொய் சொல்லத் துணிந்த பிள்ளையன்று. தன் செய்தியைச் சொல்ல அதனிடம் வாக்கியம் இல்லை. இவ்வாறு பத்தாண்டு ஆங்கிலம் படித்தும், தான் கருதியதை நான்கு வரியில் எழுதவியலாமல், வேலைக்கான விண்ணப்பத்தைப் பிறர் கையால் எழுதுவித்த இளைஞர் பலரை நாம் அறிவோம்.

அரசினர் முயலாமலில்லை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் 27,000 பேருக்குப் புதுப் பயிற்சியளிக்கத் திட்டமிட்டனர். பனிப்பந்து உருண்டு பெருப்பதுபோல், பயின்றவர் மற்றவரைப் பயிற்றுவிப்பது அம்முறை. ஆயின், வாக்கிய அமைப்புகளை வாய்க்குப் பழக்குவதே அதன் நோக்கம். பிழை பழக்கமாகிவிடும் என்னும் அச்சம் அதற்கு அடிப்படை. அந்த அச்சத்தில் முதற்படிக்கு இடமேது? 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய ஆய்வு இதற்கு மாறானது. பிள்ளையின் கருத்து பொருளில் ஊன்றினால் இலக்கணம் தானே படியும் என்றார் அவர். அமெரிக்காவில் விவியன் ஸாமெல் 1983-இல், ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர் அறுவர் எழுதும் வகையை உற்றுநோக்கி எழுதினார். திறனுள்ளோர் எழுத எழுதவே தம் கருத்தைக் கண்டறிந்து, முன்னும் பின்னும் சென்று மாற்றினர் என்பது அவர் கண்டது. தஸ்வீதும் தப்யீழும் அறிந்த நமக்கு இது புதுமையன்று.

ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் கறுப்புப் படியையும் ஆசிரியர் ஒருவர் எங்ஙனம் பார்ப்பார் என்று வினவுவர். நியாயமான வினாவே. எல்லாப் படியையும் ஆசிரியரே பார்க்க வேண்டியதில்லை. முதற்படியில் ஆங்கிலச் சொல் வராத இடத்தில் பிள்ளை தமிழ்ச் சொல்லையே எழுதட்டும். சிவப்பு மை அதனருகே வர வேண்டா. பின்னர் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் அருகமர்ந்து வாசித்து, விளங்காத இடத்தை மட்டும் கேட்கட்டும். ஆசிரியர் கண்ணுக்கு வெண்படி வந்தால் போதும். திண்ணைப் பள்ளியில் இவ்வேலை செய்தவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். எழும்பூரில் அதே வேலையைச் செய்தபோது பிரிஸ்கெனுக்கு வயது எட்டு.