கடல் கற்பித்த பாடம்

பாடசாலையில் உடற்கல்வி என்றதும் மைதானமும் ஊதலும் ஓட்டப் போட்டிகளுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பரீட்சை நெருங்கிவிட்டால் முதலில் பறிபோகும் பாடவேளையும் அதுதான். மலையேற்றமும் படகோட்டமும் அப்பாடத்தில் இடம்பெற வேண்டுமென்றால், பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதா என்று கேட்போரே அதிகம். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும், இக்கல்வி முறை வளர்ந்ததே உயிர் காக்கும் பொருட்டுத்தான் என்கிறது வரலாறு.

1886 இல் பேர்லினில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் கேர்ட் ஹான். ஜேர்மன் பேரரசின் கடைசிச் சான்சலரான இளவரசர் மக்ஸின் செயலாளராக விளங்கிய அவர், 1920 இல் இளவரசரின் ஆதரவுடன் சாலம் என்ற இடத்தில் உறைவிடப் பாடசாலையொன்றை ஆரம்பித்தார். 1932 இல் நாஜிகள் சிலர் ஒரு தொழிலாளியை அவருடைய தாயின் கண்முன்னேயே அடித்துக் கொன்றனர். கொலையாளிகளுக்கு ஹிட்லர் பகிரங்கமாக ஆதரவு தெரிவித்தார். ஹிட்லரா, சாலமா என்று முடிவு செய்யுமாறு பழைய மாணவர்களுக்கு ஹான் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு சிறை வைக்கப்பட்ட அவர், பிரித்தானியப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் தலையிட்டதால் விடுதலையாகிப் பிரித்தானியாவில் அடைக்கலம் புகுந்தார். 1934 இல் ஸ்கொட்லாந்தில் அவர் நிறுவிய கோர்டன்ஸ்டவுன் பாடசாலையில், படகோட்டமும் கடற்காவலும் கல்வியின் அங்கங்களாயின.

பின்னர் உலகப் போர் வந்தது. அத்லாந்திக் சமுத்திரத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகுகளில், உடல் வலுமிக்க இளம் மாலுமிகள் முதியவர்களுக்கு முன்னரே மனந்தளர்ந்து மடிகின்றனர் என்று கருதினார் புளூ ஃபனல் கப்பற் கம்பனியின் லோரன்ஸ் ஹோல்ட். அவரும் ஹானும் இணைந்து 1941 இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் தொடங்கிய பயிற்சிக்கூடமே 'அவுட்வேர்ட் பவுண்ட்'. துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் சொல் அது. அங்கே சிறுபடகு செலுத்தல், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு மலை கடத்தல், மீட்புப் பணி, ஊராருக்குத் தொண்டு ஆகியன பயிற்றப்பட்டன. தன்னால் இயலாதென எண்ணியதை இயலுமெனக் காண்பதும், அருகிலிருப்பவனைக் கைவிடாதிருப்பதுமே அங்கு பெற வேண்டிய பேறு.

இம்முறை பின்னர் கீழைத்தேசங்களுக்கும் பரவியது. 1967 இல் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் இத்தகைய நிலையமொன்று தொடங்கப்பட்டது. இன்று வெளிக்களக் கல்வி அந்நாட்டு உடற்கல்விப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. அங்கு பயிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது புதியதன்று.

ஆனால், அக்கறை அற்றுப்போன இடத்தில் இதே கடல் உயிர்களைப் பறித்தும் இருக்கிறது. 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில், பிளிமத் நகரப் பாடசாலை மாணவர் எண்மரும் ஓர் ஆசிரியரும் இரு பயிற்றுநரும் சிறு துடுப்புப் படகுகளிற் சென்றனர். படகுகள் நீர் நிறைந்து கவிழ்ந்தன. ஆபத்தை அறிவிக்கும் ஒளிக்குண்டுகள் கூட அவர்களிடம் இருக்கவில்லை. மாணவர் நால்வர் மாண்டனர். அந்நிலையத்தின் பாதுகாப்புக் குறைபாடுகளை முன்னாள் பயிற்றுநர் இருவர் முந்திய ஆண்டே எழுத்தில் எச்சரித்திருந்தனர். 1994 இல், நிலையத்தை நடத்திய நிறுவனமும் அதன் முகாமைப் பணிப்பாளரும் ஆட்கொலைக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். நிறுவனமொன்று அவ்வாறு தண்டிக்கப்பட்டது இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் அதுவே முதன்முறை.

பெற்றோர் போராடினர். 1995 இல் பாராளுமன்றம் சட்டமியற்றி, சாகசப் பயிற்சி நிலையங்களுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்க வழிசெய்தது. பிள்ளைகள் கடலுக்குச் செல்வதை அச்சட்டம் தடுக்கவில்லை. தகுதியற்றோர் அவர்களை அழைத்துச் செல்வதையே தடுத்தது.

நம் பாடசாலைகளில் இதனைப் புகுத்த எண்ணுவோர் அபர்டோவியையும் லைம் விரிகுடாவையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிள்ளையைத் துணிவுடன் புறப்படச் செய்வது கல்வி. அப்பிள்ளை பத்திரமாகக் கரை திரும்புவதற்குப் பொறுப்பேற்பதும் கல்வியே.