இடிந்த ஹோட்டலும் எஞ்சிய நாடாக்களும்

ஓலைச்சுவடியில் ஆரம்பித்த என் பித்து, அமெரிக்க ராக் கச்சேரியில் கொண்டுபோய் விடும் என்று நான் நினைத்ததில்லை. பேரன் ஒருநாள் கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஓடவிட்டான். உதட்டுச் சாயமும் குதிகால் உயர்ந்த பூட்ஸுமாக ஐந்து இளைஞர்கள். நியூயார்க் டால்ஸ் என்ற குழுவாம். பாட்டு எனக்கு ஒட்டவில்லை. இதை யார் எடுத்தார்கள், எப்படி மிச்சமாச்சு என்பதுதான் மனசைக் குடைந்தது.

1971-இல் நியூயார்க்கில் உருவான குழு இது. கிதார் வாசித்த சில்வெய்ன் வேலை பார்த்த கடைக்கு எதிரே, உடைந்த பொம்மைகளைச் சரிசெய்யும் 'டால் ஹாஸ்பிட்டல்' ஒன்று இருந்தது. பெயர் அங்கிருந்து வந்தது. அவரும் டிரம்ஸ் வாசித்த பில்லி மூர்சியாவும் முன்பு ஸ்வெட்டர் தொழில் நடத்தியவர்கள். வியாபாரியான எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல்! பாடகர் டேவிட் ஜோஹான்சனுக்கு சார்லஸ் லட்லமின் நாடகக் குழுவோடு பழக்கம் உண்டு. நம் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டவர் மேடையில் பெண்ணாகவே நிற்பார். இவர்களோ பெண்கள் உடையைப் போட்டுக்கொண்டு ஆண்களாகவே நின்றார்கள். பார்ப்பவர்களுக்குத் திகைப்பு, அதுதான் இவர்களுடைய நாடகம்.

1972 கோடையில் மெர்சர் ஆர்ட்ஸ் சென்டரில் செவ்வாய்க்கிழமைகளில் வாசித்தார்கள். 1870-இல் திறந்த பிராட்வே சென்ட்ரல் ஹோட்டல் கட்டடத்துக்குள் இருந்த அரங்கு அது. அதே ஹோட்டலின் பழைய சமையல்கட்டில்தான் ஸ்டைனா, வூடி வசுல்கா தம்பதி 1971-இல் 'தி கிச்சன்' என்று வீடியோ கலைக்கூடம் தொடங்கினார்கள். 1972 நவம்பரில் மூர்சியா லண்டனில் இறந்துபோனார்; அவரிடத்தில் ஜெர்ரி நோலன் வந்தார். 1973 ஜூலைக் கடைசியில் முதல் ஆல்பம் வெளிவந்தது. ஒரு வாரந்தான். ஆகஸ்ட் 3 அன்று ஹோட்டல் இடிந்து விழுந்தது. நாலு பேர் இறந்தார்கள். அந்த மேடையும் போச்சு.

எஞ்சியது பாப் குருயன் என்ற புகைப்படக்காரராலும் அவர் மனைவி நாடியா பெக்காலும். தோளில் தொங்கவிட்டுச் சுமக்கும் வீடியோ கருவியில் நாற்பது மணி நேரத்துக்கும் மேல் பதிவு செய்திருக்கிறார்கள். மேடை மட்டுமில்லை, ஒப்பனை அறை, கலிபோர்னியாப் பயணம், வெட்டிப் பேச்சு எல்லாம் உண்டு. அந்த வெட்டிப் பேச்சுதான் எனக்குப் பொக்கிஷம். கல்வெட்டில் அது கிடைக்காது. 2005-இல் 'ஆல் டால்ட் அப்' என்று அதைத் தொகுத்து டிவிடியாக வெளியிட்டார்கள்.

அந்தக் காலத்து வீடியோ நாடாவில் பலவும் ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். மெஷினில் மாட்டினால் ஒட்டிக்கொண்டு பூச்சு உரிந்துவிடும். இளஞ்சூட்டில் மெல்ல உலர்த்தி, ஓடும்போதே பிரதி எடுத்துவிட வேண்டும். ஏட்டுக்கு எண்ணெய் தடவுகிற பக்குவந்தான். எங்கள் சமணர் வழக்கத்தில் சுருத பஞ்சமி அன்று ஏடுகளை எடுத்து, தூசு தட்டி, பூஜை செய்வோம். நாடாவுக்கு அப்படி ஒரு நாள் இல்லை.

படத்தில் பார்த்த ஐவரில் இன்று யாரும் இல்லை. ஜானி தண்டர்ஸ் 1991-இலும், நோலன் 1992-இலும், ஆர்தர் கேன் 2004-இலும், சில்வெய்ன் 2021-இலும், ஜோஹான்சன் 2025 பிப்ரவரியிலும் போனார்கள்.

நம் சங்கத்துப் பொங்கல் நாடகங்களை எடுத்த பதினோரு வி.எச்.எஸ். கேசட்டுகள் என் குடோனில் இருக்கின்றன. நாலில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒன்றை அவசரப்பட்டுப் போட்டுப் பார்த்து நானே அறுத்துவிட்டேன். அதில் நடித்த இருவர் இப்போது இல்லை. நன்றாக ஓடும் வி.சி.ஆர். அன்பர்கள் யாரிடமாவது இருந்தால் மழைக்காலத்துக்குள் சொல்லுங்கள்.