பரணில் கிடக்கும் வரலாறு

மும்பை மாநகர் அச்சுத்தொழிலில் நெடிய மரபுடையது. 1822ஆம் ஆண்டில் பர்துன்ஜி மர்ஸ்பான் என்னும் பார்சிப் பெருமகனார் தொடங்கிய ‘மும்பை சமாச்சார்’ என்னும் குஜராத்தி ஏடு, இரு நூற்றாண்டுகளைக் கடந்தும் அங்கிருந்து வெளிவருகின்றது. அந்நகரின் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழரும் தமக்கெனச் செய்தித்தாள்களையும் சங்க மலர்களையும் வெளியிட்டனர். கோயில் விழா, நாடக அறிவிப்பு, குடிநீர்க் குழாய் வேண்டி விடுத்த முறையீடு, இரங்கற் செய்தி ஆகியன அவற்றில் இடம்பெற்றன. பேரேடுகள் இவற்றைப் பெரிதாகக் கருதுவதில்லை. ஆயினும், புலம்பெயர்ந்தோர் வாழ்வை அறிய இவற்றினும் சிறந்த சான்று வேறு உண்டோ?

செய்தித்தாள் மலிவான மரக்கூழால் ஆயது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டால் தாளைப் பழுப்பாக்கும். அமிலம் அதனை நொறுங்கச் செய்யும். மும்பையின் மழைக்கால ஈரமோ பூஞ்சையை வளர்க்கும்.

நூல்களைப் பொது நூலகங்களுக்கு அனுப்புமாறு பணிக்கும் 1954ஆம் ஆண்டின் சட்டம், 1956இல் செய்தித்தாள்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கொல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னையின் கன்னிமாரா நூலகம், மும்பையின் மத்திய நூலகம் முதலியவை அவ்வாறு படிகளைப் பெறும் உரிமை உடையன. ஆனால் செய்திப் படங்களின் மூலப்படிகளுக்கும் நெகட்டிவ்களுக்கும் அச்சட்டம் பொருந்தாது. அவை படமெடுத்தோர் இல்லங்களிலேயே தங்கிவிடுகின்றன.

ஆகவே, தனி மனிதர் பேணிக் காத்தவையே பல வேளைகளில் எஞ்சுகின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு இதழ்களையும், பிறர் குப்பையென எறியும் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்புகளையும் அவர் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டு செல்லவில்லை. 1994இல் சென்னையிலேயே அவர் பெயரால் நூலகம் அமைந்தது. முதலில் மைக்ரோஃபிலிமிலும், பின்னர் மின்படிமங்களாகவும் அவை காக்கப்பட்டு வருகின்றன.

இச்செய்தி தாராவித் தமிழர்க்கு இன்று மிகவும் வேண்டுவது. மறுசீரமைப்புத் திட்டத்திற்காக அங்கே 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. வீடு மாறும்போது, பரணில் உள்ள பழந்தாள்கள் முதலில் எடைக்குப் போவது வழக்கமன்றோ? அதற்குமுன் அவற்றைப் பிரித்துப் பாருங்கள். படங்களின் பின்புறத்தில் ஆள், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டெழுதுங்கள். பெயரில்லாப் படத்தை மின்படிமமாக்கினாலும் அது பெயரில்லாப் படமே. கிழிந்த தாளில் பசைநாடா ஒட்டாதீர்கள். மின்படிமத்தை ஓரிடத்தில் மட்டும் வையாது, ஈரிடங்களில் வையுங்கள். அதன்பின்னும் மூலத்தை எறிந்துவிடாதீர்கள்.

தாராவியின் வரலாற்றை நாளை எழுதுவோர்க்கு அரசின் வரைபடங்களும் கணக்குகளும் எளிதிற் கிடைக்கும். அங்கு வாழ்ந்தோர் யாவர், எதற்காகக் கூடினர், எதனைக் கேட்டுப் பெற்றனர் என்பன, நம் வீட்டுப் பரண்களில் உள்ள தாள்கள் பிழைத்தால்தான் தெரியவரும்.